கவர் இப்ப யார் கையில இருக்கு?

இந்த வாரம் கோட், ஃப்ரேம்வொர்க், இன்டர்வியூ டிப்ஸ் எதுவும் கிடையாது. கூரியர் பத்திப் பேசப் போறேன். ஆமா, கூரியர்தான். வெளிநாட்டுக்கு ஒரு கவரை, ஒரு குறிப்பிட்ட தேதிக்குள்ள கொண்டுபோய்ச் சேர்க்கிறது எப்படிங்கிற விஷயம்.

"இதுல என்னடா இருக்கு, பக்கத்துத் தெருக் கடையில குடுத்தா போயிடும்"னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த நினைப்புக்கு எங்க வீட்டுல ஒரு சீட்டே போயிருக்கும். அதனால முதல்ல நடந்த கதையைச் சொல்லிடறேன்.

2025 ஜூலை. என் தங்கச்சிக்கு நெதர்லாந்துல ஒரு யுனிவர்சிட்டியில மாஸ்டர்ஸ் அட்மிஷன் கிடைச்சிருந்தது. ஆனா அது கண்டிஷனல். டிகிரி முடிச்சதுக்கான சர்ட்டிஃபிகேட், மார்க் ஷீட் எல்லாம் அட்டெஸ்ட் பண்ணி, காலேஜ் சீல் வச்ச கவர்ல, தபால்லயோ கூரியர்லயோ அவங்க ஆபீஸுக்கு வந்து சேரணும். ஸ்கேன் காப்பி செல்லாது. கடைசித் தேதி ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை. இங்க எஜுகேஷன் லோன் சாங்ஷன் ஆயாச்சு, ஃப்ளைட் டிக்கெட்டும் போட்டாச்சு.

காலேஜ்ல அலைஞ்சு திரிஞ்சு சீல் வச்ச கவர் கையில கிடைச்சது ஜூலை 22, செவ்வாய்க்கிழமை. தங்கச்சி கொஞ்சம் முன்யோசனைக்காரி. ஒண்ணு கேட்கிற இடத்துல ரெண்டு செட் கேட்டு வாங்கிட்டு வந்தா. "எதுக்கு ரெண்டு, வீண் செலவு"ன்னு கிண்டல் பண்ணது நான்தான். அந்த ரெண்டாவது கவர்தான் அப்புறம் எங்களைக் காப்பாத்துச்சு.

"அனுப்பற வேலையை நான் பார்த்துக்கறேன்"னு கவரை வாங்கிட்டேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது எங்க ஏரியாவுல இருக்கிற ஒரு கூரியர் கடைக்குப் போனேன். வெளிய போர்டுல பெரிய பெரிய இன்டர்நேஷனல் கம்பெனிகளோட லோகோ எல்லாம் இருந்தது. உள்ள இருந்த அண்ணன் கவரைத் தூக்கிப் பார்த்தார். "நெதர்லாந்தா? மூணு நாலு நாள்ல போயிடும் தம்பி. எக்ஸ்பிரஸ்தான். ஆயிரத்து எண்ணூத்தம்பது." நேரடியா பெரிய கம்பெனி வெப்சைட்ல நான் பார்த்த ரேட் நாலாயிரத்துக்கு மேல. பாதிக்கும் கம்மியான விலையில அதே வேலை முடியுதேன்னு சந்தோஷமா ஜிபே பண்ணிட்டு, அவர் குடுத்த சீட்டைப் பர்ஸ்ல வச்சுட்டு வந்துட்டேன். என் கணக்குப்படி சனிக்கிழமைக்குள்ள போயிடும். டெட்லைனுக்கு ஒரு வாரம் மிச்சம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீட்டுல இருந்த நம்பரை அவங்க வெப்சைட்ல போட்டுப் பார்த்தேன். "இன் ட்ரான்சிட்". அவ்வளவுதான். எந்த ஊர், எந்த நேரம், எதுவும் இல்லை. பெரிய கம்பெனி வெப்சைட்ல அதே நம்பரைப் போட்டா, அப்படி ஒரு ஷிப்மென்ட்டே இல்லைன்னு வருது. கடைக்குப் போன் பண்ணேன்.

"ஃபார்வர்டிங் நம்பர் இன்னும் வரலை தம்பி. டெல்லியில இருந்து மெயில் வரணும்."

"டெல்லியா? கவர் சென்னையில இருந்து நேரா போகலையா?"

"அங்கதான் மொத்தமா சேர்த்து பேக் போடுவாங்க. திங்கக்கிழமை ராத்திரி ஃப்ளைட் ஏறிடும். லண்டன் போய், அங்கிருந்து நெதர்லாந்து. பயப்படாதீங்க, போயிடும்."

இந்த அண்ணனைத் திட்டறதுக்காக நான் இதைச் சொல்லலை. அவர் பொய் சொன்னார்னுகூட சொல்ல மாட்டேன். அவர் வழக்கமா அனுப்பறது துணிமணி, ஊறுகாய், மசாலாப் பொடி. அதுக்கு ரெண்டு நாள் முன்னப் பின்ன ஆனா யாரும் கேட்கப் போறதில்லை. எனக்குத் தேதி முக்கியம்னு நான் அவர்கிட்ட சொல்லவே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணைக்கூட கேட்கலை. "எக்ஸ்பிரஸ்"ங்கிற ஒரு வார்த்தையைக் கேட்டுட்டுக் காசு குடுத்துட்டேன்.

அந்த ராத்திரி தங்கச்சி சத்தம் எதுவும் போடலை. "நீ பார்த்துக்கறேன்னு சொன்னல்ல அண்ணா"ன்னு மட்டும் சொன்னா. அதுக்குப் பதில் அவ நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

சரி. கதையை இங்க நிறுத்திட்டு, எனக்கு அப்புறமா புரிஞ்ச விஷயத்தைச் சொல்றேன். ஏன்னா "எந்த கூரியர் பெஸ்ட்?"னு கேட்டா பதில் கிடைக்காது. வெளிநாட்டுக்கு ஒரு பொருள் போக அடிப்படையில மூணு வழி இருக்கு. எந்த வழியில போறோம்னு தெரிஞ்சாதான் அடுத்த கேள்வியே கேட்க முடியும்.

முதல் வழி, தபால். நம்ம இந்தியா போஸ்ட்டோட இன்டர்நேஷனல் ஸ்பீட் போஸ்ட். இதுக்கு உலகம் முழுக்க இருக்கிற பொதுப் பேர் ஈ.எம்.எஸ். இங்க தபால் ஆபீஸ்ல குடுத்தா, இந்தியா போஸ்ட் அதை விமானத்துல ஏத்தி, அந்த நாட்டுத் தபால் துறைகிட்ட ஒப்படைக்கும். நெதர்லாந்துன்னா போஸ்ட்என்எல். இந்த ஒப்படைப்புக்கெல்லாம் விதி வகுக்கிறது யுனிவர்சல் போஸ்டல் யூனியன், 1874-ல ஆரம்பிச்ச அமைப்பு. விலை கம்மி. குட்டி ஊருக்கும் போகும். ஆனா நடுவுல கை மாறுது. இங்க கிளம்பின கவர் அங்க எப்ப வீட்டு வாசலுக்கு வரும்ங்கிறது இந்தியா போஸ்ட் கையில மட்டும் இல்லை. ரெண்டு மூணு வாரம் அவகாசம் இருந்தா தாராளமா இதுல அனுப்பலாம்.

இதுல இன்ஜினியர்களுக்குப் பிடிச்ச ஒரு விஷயம். ஈ.எம்.எஸ் நம்பர் எப்பவும் ரெண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், ரெண்டு எழுத்து. முதல் எழுத்து ஈ, கடைசியில இந்தியாவுக்கு ஐ.என். அந்த ஒன்பதாவது இலக்கம் செக் டிஜிட். முதல் எட்டு இலக்கத்தையும் வரிசையா 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல பெருக்கிக் கூட்டி, 11 ஆல வகுத்து, மீதியை 11-ல இருந்து கழிச்சா அது வரணும். பத்து வந்தா பூஜ்யம், பதினொண்ணு வந்தா அஞ்சு. யாராவது "இது ஸ்பீட் போஸ்ட் நம்பர்"னு ஏதாவது நம்பரைக் குடுத்தா, அந்த வடிவத்துல இருக்கான்னாவது பாருங்க.

ரெண்டாவது வழி, டிஎச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் மாதிரி கம்பெனிகள். இவங்களை இன்டக்ரேட்டர்னு சொல்வாங்க. வாங்கிட்டுப் போற வேன்ல ஆரம்பிச்சு, விமானம், கஸ்டம்ஸ் வேலை, அந்த ஊர்ல வாசல்ல வந்து கையெழுத்து வாங்கறவர் வரைக்கும் ஒரே நெட்வொர்க். ஊருக்கு ஊர் நேரடியா பறக்கிறது கிடையாது. எல்லாத்தையும் ஒரு பெரிய ஹப்புக்குக் கொண்டுவந்து, ராத்திரியோட ராத்திரியா பிரிச்சு, காலையில மறுபடி கிளப்புவாங்க. ஐரோப்பாவுல டிஎச்எல்லுக்கு ஜெர்மனியோட லைப்சிக், யுபிஎஸ்ஸுக்குக் கொலோன், ஃபெடெக்ஸுக்குப் பாரிஸ். ஃபெடெக்ஸ் 1973 ஏப்ரல்ல மெம்ஃபிஸ்ல ஆரம்பிச்ச முதல் ராத்திரி 14 விமானம், 186 பார்சல், 25 ஊர். அன்னிக்கு வச்ச அதே ஐடியாதான் இன்னிக்கும் ஓடுது.

டிஎச்எல் கதை இன்னும் சுவாரஸ்யம். 1969-ல மூணு பேர் சேர்ந்து ஆரம்பிச்சாங்க. சான் ஃபிரான்சிஸ்கோவுல இருந்து ஹோனலூலுவுக்குக் கப்பல்ல சரக்கு போகும். அந்தச் சரக்கோட பேப்பர்களை மட்டும் இவங்க விமானத்துல முன்னாடியே எடுத்துட்டுப் போவாங்க. கப்பல் வந்து சேர்றதுக்குள்ள கஸ்டம்ஸ் வேலை ஆரம்பிச்சுடும். கப்பல் சும்மா காத்துட்டு நிக்க வேண்டாம். இன்னிக்கும் எக்ஸ்பிரஸ் வேகமா இருக்கிறதுக்கு முக்கியமான காரணம் இதுதான். விமானம் எல்லாருக்கும் ஒரே வேகத்துலதான் பறக்குது. உள்ள என்ன இருக்குங்கிற தகவல் பார்சலுக்கு முன்னாடியே போய்ச் சேருது, பார்சல் வானத்துல இருக்கும்போதே கஸ்டம்ஸ் பார்த்துடுது.

மூணாவது வழி, நான் போன வழி. கடைக்காரர் ஒரு ஏஜென்ட். அவர் சென்னையில ஒரு கன்சாலிடேட்டர்கிட்ட குடுப்பார். அவர் டெல்லியிலயோ மும்பையிலயோ இன்னொருத்தர்கிட்ட குடுப்பார். அங்க நூறு பேரோட பார்சலை ஒரே பேக்ல கட்டி, லண்டன், துபாய்னு ஒரு ஊருக்கு மொத்தமா அனுப்பி, அங்கிருந்து உள்ளூர் கூரியர்ல பிரிச்சு அனுப்புவாங்க. மொத்தமா போறதால விலை கம்மி. தப்பான தொழில் ஒண்ணும் இல்லை. ஆனா பேக் நிறையற வரைக்கும் உங்க கவர் காத்திருக்கும். ஒவ்வொருத்தர்கிட்டயும் அது இருக்கிற நேரத்துல அடுத்தவருக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கடைசியா உண்மையிலேயே கொண்டுபோற கம்பெனி போடற நம்பர்தான் ஃபார்வர்டிங் நம்பர். அது வராத வரைக்கும் உங்க கவர் கிளம்பலைன்னு எடுத்துக்கோங்க.

சில ஏஜென்ட்டுகள் நேரடியா இன்டக்ரேட்டர்லயே புக் பண்ணித் தருவாங்க. அது நல்லாவே வேலை செய்யும், சில சமயம் விலையும் கம்மியா இருக்கும். அதனால கேட்க வேண்டிய கேள்வி இது: "அண்ணே, எந்த கம்பெனியோட ஏர்வே பில்? அந்த நம்பரை இப்பவே, இங்கயே எனக்குத் தர முடியுமா?" ஆமான்னா நம்பலாம். "ரெண்டு நாள் கழிச்சு வரும்"னா உங்க கவர் மூணாவது வழியில போகுதுன்னு அர்த்தம்.

இப்ப கதைக்கு வருவோம். ஞாயித்துக்கிழமை யுனிவர்சிட்டிக்கு மெயில் போட்டோம். நிலைமையை மறைக்காம அப்படியே எழுதினோம். அதுல ஒரு கேள்வியும் கேட்டோம், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி: ஆகஸ்ட் 1-க்குள்ள நாங்க அனுப்பியிருந்தா போதுமா, இல்லை உங்க கைக்கு வந்திருக்கணுமா? திங்கக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. கைக்கு வந்திருக்கணும். ஆனா எங்க கட்டடத்துக்குள்ள வந்து சேர்ந்த தேதியைத்தான் பார்ப்போம், கவருக்கு வெளிய அப்ளிகேஷன் நம்பரை எழுதுங்க.

பாருங்க, இந்த ஒரு பதில்ல எவ்வளவு விஷயம் இருக்கு. சில இடத்துல ஏர்வே பில் ஸ்கேன் பண்ணி அனுப்பினாலே ஒரு வாரம் டைம் குடுப்பாங்க. சில இடத்துல குடுக்க மாட்டாங்க. எக்ஸ்பிரஸுக்கு நாலாயிரம் செலவு பண்றதுக்கு முன்னாடி வாங்கறவங்ககிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. அதுக்குக் காசு கிடையாது.

திங்கக்கிழமை, ஜூலை 28. ஆஃப் டே லீவு போட்டுட்டு, ரெண்டாவது கவரை எடுத்துக்கிட்டு, நானும் அம்மாவும் கிண்டி பக்கம் ஒரு இன்டக்ரேட்டரோட சொந்த கவுன்ட்டருக்குப் போனோம். எந்த கம்பெனின்னு சொல்லலை, விளம்பரம் மாதிரி ஆயிடும். கவுன்ட்டர்ல ஒரு அக்கா. என்னைவிட அஞ்சாறு வயசு பெரியவங்களா இருப்பாங்க. அவங்க கேட்ட முதல் கேள்வி: "என்னிக்குள்ள போய்ச் சேரணும் சார்?" கடையில நான் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லைன்னு சொன்னேனே, அதே விஷயம்.

வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன். "அப்ப வியாழக்கிழமை போற மாதிரி பார்ப்போம், ஒரு நாள் கையில இருக்கட்டும்"னு சொல்லிட்டு அட்ரஸைப் பார்த்தாங்க. பார்த்ததும் நிமிர்ந்தாங்க. "சார், இது போஸ்ட்பஸ்னு இருக்கே. போஸ்ட் பாக்ஸ் நம்பர் இது. நாங்க போஸ்ட் பாக்ஸுக்கு டெலிவரி பண்ண முடியாது. தெரு பேர், கட்டட நம்பர் வேணும்."

யுனிவர்சிட்டி வெப்சைட்ல ரெண்டு அட்ரஸ் இருந்திருக்கு. ஒண்ணு தபாலுக்கு, ஒண்ணு நேர்ல வர்றவங்களுக்கு. நாங்க முதல்ல கண்ணுல பட்டதை எழுதிட்டோம். தபால்ல அனுப்பியிருந்தா அது சரியான அட்ரஸ். கூரியர்ல அனுப்பும்போது அதுவே தப்பான அட்ரஸ். கல்ஃப்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு அனுப்பறவங்க இதைக் கண்டிப்பா ஞாபகம் வச்சுக்கோங்க, அங்க பல பேர் பி.ஓ. பாக்ஸ் நம்பரைத்தான் அட்ரஸா குடுப்பாங்க. கட்டடம் பேரும், எடுத்துப் பேசற மாதிரி ஒரு உள்ளூர் போன் நம்பரும் வேணும்.

அடுத்து, அந்த அக்கா சீல் வச்ச கவரோட சேர்த்து நாங்க வச்சிருந்த பெரிய கவரை லேசா அழுத்திப் பார்த்தாங்க. "உள்ள பேப்பர் மட்டும்தானே?" ஆமான்னேன். பக்கத்துல அம்மா முகம் மாறுச்சு. "சின்னதா ஒரு விபூதிப் பொட்டலம் வச்சிருக்கேன்மா. சாமி படத்துக்கிட்ட வச்சு எடுத்தது. நல்லபடியா போய்ச் சேரணும்னு..."

எனக்கே தெரியாது. சீட்டு கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டு, பேப்பருக்கு நடுவுல வெள்ளைப் பொடி. அந்த அக்கா சிரிக்கலை. மெதுவா சொன்னாங்க: "அம்மா, பேப்பர் மட்டும் இருந்தா இது டாக்குமென்ட். கஸ்டம்ஸ்ல சுலபமா போயிடும். வேற எதையாவது வச்சா இது பார்சல். இன்வாய்ஸ் போடணும், என்ன பொருள்னு சொல்லணும். வெள்ளைப் பொடியைப் பார்த்தா ஸ்கேன்ல நிறுத்திடுவாங்க. நீங்க பொண்ணு ஊருக்குக் கிளம்பும்போது கையில குடுத்து விடுங்க." அம்மா பொட்டலத்தை எடுத்துக் கைப்பைக்குள்ள வச்சுக்கிட்டாங்க.

இந்த டாக்குமென்ட், பார்சல் வித்தியாசம் நாம நினைக்கிறதைவிடப் பெரிசு. பேப்பருக்கு வரி கிடையாது, அதனால கஸ்டம்ஸ்ல நிக்கிறதுக்குக் காரணம் குறைவு. பொருள்னு வந்துட்டா, அது பரிசா இருந்தாலும், இன்வாய்ஸ்ல என்ன பொருள், எத்தனை, என்ன மதிப்புன்னு தெளிவா இருக்கணும். வெறும் "கிஃப்ட்"னு எழுதினா யாருக்கும் ஒண்ணும் புரியாது. "பருத்திச் சட்டை, 2"ன்னு எழுதணும். மருந்துன்னா டாக்டர் சீட்டும் கடை பில்லும் வேணும், அந்த நாட்டு விதியையும் முன்னாடியே பார்க்கணும். ஐரோப்பிய யூனியனுக்குத் தனிநபர் அனுப்பற பார்சல்ல இறைச்சி, பால் பொருள் அனுமதி கிடையாது. பால்கோவா ஆசை இருந்தா விட்டுடுங்க. பவர் பேங்க் மாதிரி லித்தியம் பேட்டரிக்குத் தனி விதி இருக்கு. இப்படிப்பட்ட ஒரு பொருளை அவசரக் கவரோட சேர்த்தா, கவரும் சேர்ந்து மாட்டும்.

அப்புறம் சர்வீஸ். கம்ப்யூட்டர்ல நாலு ஆப்ஷன் இருந்தது. காலையில ஒன்பது மணிக்குள்ள, பன்னெண்டு மணிக்குள்ள, நாள் முடியறதுக்குள்ள, அப்புறம் ஒரு எகானமி. நான் பயத்துல "இருக்கிறதிலேயே காஸ்ட்லியானதைப் போடுங்க"ன்னேன். அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. "எல்லாமே பெரும்பாலும் அதே ஃப்ளைட்லதான் சார் போகும். இது அந்த ஊர்ல வேன் கிளம்பறதுக்கு அப்புறம் எத்தனை மணிக்குக் கையில குடுப்பாங்கங்கிற வித்தியாசம்தான். உங்களுக்கு வியாழன் நாள் முழுக்க டைம் இருக்கு. எதுக்கு வீணா?" உங்களுக்குக் காலை பத்து மணிக்கு ஒரு டெண்டர் மூடுதுன்னா அந்தக் காசு அவசியம். எங்களுக்கு இல்லை.

அவங்க இன்னொண்ணும் சொன்னாங்க. "நாலு மணிக்குள்ள வந்தீங்க, சரி. அதுக்கு மேல வந்திருந்தா இது நாளைக்குத்தான் கணக்கு." இதுதான் கட்-ஆஃப். நம்ம பாஷையில சொன்னா, கிரான் ஜாப் மாதிரி. ஒரு நிமிஷம் லேட்டா போட்டாலும் அடுத்த ரன் வரைக்கும் க்யூவுல உட்கார்ந்திருக்கும். ஒரு நிமிஷத் தாமதம் ஒரு நாள் தாமதமா மாறும். அதுவே வெள்ளிக்கிழமைன்னா, மூணு நாள்.

அதனால தேதியை எப்பவும் பின்னாடியில இருந்து எண்ணுங்க. எங்க கணக்கு இது: வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஒரு நாள் உபரி, ஆக வியாழன். அதுக்கு மூணு வேலை நாள் முன்னாடி, திங்கள். திங்கள் சாயங்காலம் நாலு மணிக் கட்-ஆஃப். கம்பெனிகள் சொல்ற "மூணு நாள்", வேலை நாள் கணக்கு. சனி ஞாயிறு அதுல சேராது. ரெண்டு ஊர் லீவையும் பார்க்கணும். ஆகஸ்ட் 15 இங்க லீவு. ஜப்பானுக்கு அனுப்பினா ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்துல கோல்டன் வீக். சவுதியில வார விடுமுறை வெள்ளி, சனி. யூஏஇ 2022-ல இருந்து சனி, ஞாயிறுக்கு மாறிடுச்சு. ஒரே கல்ஃப்தானேன்னு நினைச்சா ஒரு நாள் போயிடும்.

"சராசரியா நாலு நாள்ல போயிடும்"னு யாராவது சொன்னா, சர்வர் மானிட்டரிங் பண்றவங்க ஞாபகம் வச்சுக்கோங்க. நாம ஆவரேஜ் லேட்டன்சியைப் பார்த்து நிம்மதியா தூங்கறதில்லை. மோசமான ஒரு சதவீதம் எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பார்ப்போம். அவசரக் கவருக்கும் அதே கேள்விதான்: மோசமா போனா எத்தனை நாள்? அதைக் கேளுங்க.

விலை பத்தி ரெண்டு வார்த்தை. எங்களுக்கு மொத்தம் நாலாயிரத்து இருநூறு ஆச்சு. வெப்சைட்ல பார்க்கிற அடிப்படை விலைக்கு மேல ஃபியூயல் சர்சார்ஜ், 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஒதுக்குப்புறமான ஊர்னா அதுக்குத் தனி. அதனால "எல்லாம் சேர்த்து எவ்வளவு?"ன்னு கேளுங்க. பார்சலா இருந்தா எடையை மட்டும் பார்க்க மாட்டாங்க. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுப்பாங்க. அதுக்கும் நிஜ எடைக்கும் எது அதிகமோ அதுக்குத்தான் காசு. 40 க்கு 30 க்கு 25 பெட்டியில ரெண்டு கிலோ துணி வச்சா, 30,000 வகுத்தல் 5000, ஆறு கிலோவுக்குக் கட்டணும். பெட்டியைச் சின்னதாக்கறதுதான் நிஜமான டிஸ்கவுன்ட். அனுப்பறவரோட ஆதார் மாதிரி ஒரு கேஒய்சி ஆவணமும் கேட்பாங்க, கையோட எடுத்துட்டுப் போயிடுங்க.

லேட் ஆனா நஷ்ட ஈடு உண்டான்னு கேட்டேன். இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். சர்வதேச விமானச் சரக்குக்கு மான்ட்ரியல் கன்வென்ஷன்னு 1999 ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு. இந்தியாவும் அதுல இருக்கு. தொலைஞ்சாலோ, சேதமானாலோ, தாமதமானாலோ பொறுப்போட உச்ச வரம்பு கிலோவுக்கு இவ்வளவுன்னு அதுல இருக்கு. 2024 டிசம்பர் 28-ல இருந்து அது கிலோவுக்கு 26 எஸ்டிஆர். நம்ம காசுல சுமார் மூவாயிரம் ரூபாய். எங்க கவர் கால் கிலோ. கணக்குப் போட்டுக்கோங்க. சில சர்வீஸ்ல லேட் ஆனா கட்டணத்தைத் திருப்பித் தர்றதா சொல்வாங்க. அதுலயும் கஸ்டம்ஸ் தாமதம் மாதிரி விலக்கு நிறைய இருக்கும். இன்ஷூரன்ஸ் போட்டாலும் அது பொருளோட மதிப்புக்குத்தான். ஒரு சீட்டு போனதுக்கு, ஒரு வருஷம் போனதுக்கு, எந்த கம்பெனியும் ஈடு தராது. அதனால நம்ம பாதுகாப்பு, முன்னாடியே கிளம்பறதும் ரெண்டாவது செட் வச்சிருக்கிறதும்தான்.

கவுன்ட்டரை விட்டுக் கிளம்பும்போது ஏர்வே பில் நம்பர் கையில இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன், முதல் ஸ்கேன் ஏறியிருந்தது. இதையும் கவனிங்க. "ஷிப்மென்ட் இன்ஃபர்மேஷன் ரிசீவ்டு"ன்னு வந்தா லேபிள் மட்டும்தான் பிரின்ட் ஆகியிருக்கு, பொருள் இன்னும் கம்பெனி கைக்குப் போகலை. "பிக்டு அப்" வரணும். அப்புறம் ஹப், கிளியரன்ஸ், டெலிவரிக்குப் புறப்பட்டதுன்னு வரிசையா வரும். "கிளியரன்ஸ் ஈவென்ட்"னு பார்த்ததும் பதற வேண்டாம், அது வழக்கமான படிதான். "ஆன் ஹோல்டு"ன்னு வந்தா மட்டும் உடனே போன் பண்ணுங்க. பெரும்பாலும் அட்ரஸ், போன் நம்பர், ஏதாவது ஒரு பேப்பர்னு சின்ன விஷயமா இருக்கும். நீங்க கேட்கலைன்னா அது அப்படியே உட்கார்ந்திருக்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் 2:50. நெதர்லாந்துல காலை 11:20. நான் ஒரு மீட்டிங்ல இருந்தேன், கேமரா ஆஃப். தங்கச்சிகிட்ட இருந்து ஸ்கிரீன்ஷாட் வந்தது. "டெலிவர்டு", கீழ கையெழுத்து போட்டவரோட பேர். அது அட்மிஷன் ஆபீஸ்காரர் இல்லை, மெயில் ரூம்ல இருக்கிறவர். "கட்டடத்துக்குள்ள வந்தா போதும்"னு அவங்க எழுதின அந்த மெயில் இல்லைன்னா இதுக்கும் ஒரு நாள் பதறியிருப்போம். அந்த மெயிலோட ஸ்கிரீன்ஷாட்டைச் சேர்த்து ஆபீஸுக்கு அனுப்பினா. வெள்ளிக்கிழமை மத்தியானம் போர்ட்டல்ல கண்டிஷன் நீங்கிடுச்சு.

முதல் கவர் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அதுவும் போய்ச் சேர்ந்தது. கடைக்கார அண்ணன் சொன்னது பொய் இல்லை. ஆகஸ்ட் 7-ம் தேதி. அதுவும் போஸ்ட் பாக்ஸ் அட்ரஸோட போன கவர், எப்படியோ அங்க இருக்கிற யாரோ ஒரு நல்லவர் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கார்.

ஆக, உங்க கையில ஒரு அவசரக் கவர் இருந்தா, கம்பெனி பேரைத் தேடறதுக்கு முன்னாடி நாலு கேள்வி. வாங்கறவங்ககிட்ட: எந்தத் தேதிக்குள்ள, உங்க கைக்கே வரணுமா, எந்த அட்ரஸுக்கு? குடுக்கிற இடத்துல: கடைசி வரைக்கும் கொண்டுபோறது யாரு, அவங்க நம்பர் இப்பவே கிடைக்குமா? இன்னிக்குக் கட்-ஆஃப் எத்தனை மணி? மோசமா போனா எத்தனை நாள்? இதுக்கெல்லாம் தெளிவா பதில் சொல்ற இடம் தபால் ஆபீஸா இருந்தாலும் சரி, ஏஜென்ட்டா இருந்தாலும் சரி, அங்க குடுங்க. இதுல ஒண்ணுக்கு "அதெல்லாம் போயிடும் தம்பி"ன்னு பதில் வந்தா, கவரை வாங்கிட்டு வெளிய வந்துடுங்க.

ஆகஸ்ட் கடைசியில தங்கச்சி கிளம்பினா. ஏர்போர்ட்ல அம்மா அந்த விபூதிப் பொட்டலத்தை அவ கையில வச்சாங்க. இந்த தடவை நான் ஒண்ணும் சொல்லலை.

உங்களுக்கும் இப்படி ஒரு கூரியர் கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, நல்லதா இருந்தாலும் சரி, சொதப்பினதா இருந்தாலும் சரி. இந்த எபிசோடை இப்ப அப்ளிகேஷன் போட்டுட்டு இருக்கிற யாருக்காவது ஃபார்வர்டு பண்ணுங்க. ரெண்டு செட் வாங்கச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.